இருபது நிறங்களிலிருந்து மூன்று நிறங்களுக்கு: ஒரு கிராமத்துத் தறிக்கூடம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நகரத்து வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போய், கைத்தறியும் இயற்கைச் சாயமுமாக வாழத் தொடங்கிய அக்கா, தங்கை இருவரின் அனுபவம் இது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நெசவும் சாயமும் கற்றுக்கொடுப்பது என் தொழில். சிக்கல் முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய பகுதி அவர்கள் சொன்னதையும் அவர்களுடைய குறிப்பேட்டையும் வைத்து எழுதியது.

அக்காவுக்குத் தறி நன்றாகப் பழக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே பல வருடம் நெய்தவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஓட்டுவது, அதை விழுதுக் கண்ணிகளில் கோப்பது, அச்சுச் சீப்பில் இழுப்பது எல்லாவற்றையும் யார் துணையும் இல்லாமல் செய்வார். தங்கைக்குச் செடிகொடிகள் மேல் பிடிப்பு. எந்தப் பூவைப் பார்த்தாலும் ஒரு கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றிப் பார்த்துவிடுவார். கொஞ்சம் நிலத்தோடு ஒரு பழைய வீடு, கிணறு, வெளிச்சம் நிறைந்த ஓர் அறை. தங்கை பறித்துவந்து காய்ச்ச, அக்கா நெய்ய, சுற்றியுள்ள நிலம் கொடுக்கும் நிறமெல்லாம் துணியில் வரும் என்பதுதான் அவர்கள் கண்ட கனவு. நல்ல கனவு. இந்த வேலைக்கு வருகிற பலரையும் இழுப்பது இதுதான், என்னையும் இதுதான் இழுத்தது.

முதல் வருடத்தில் பருத்தி நூலில் தோள் துண்டுகளும் போர்வைகளும் நெய்தார்கள். குறிப்பேட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நிறங்கள் பதிவாகியிருந்தன. மஞ்சள் கிழங்கு, பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ, செம்முட்டைக்கோஸ், வெங்காயத் தோல், மாதுளைத் தோல், மஞ்சிட்டி வேர், அப்புறம் பொடியாக வாங்கிய அவுரி நீலம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நூல் துணுக்கு ஒட்டி, பறித்த இடமும் நாளும் எழுதியிருந்தார் தங்கை. எடை மட்டும் எங்கேயும் எழுதவில்லை. நூல் எவ்வளவு, படிகாரம் எவ்வளவு, பூ எவ்வளவு, எதுவும் இல்லை.

புகார்கள்

துணிகள் நேரடியாகத் தெரிந்தவர்களுக்கும் அவர்கள் மூலம் வந்தவர்களுக்கும் போயின. சில மாதங்களில் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. ஜன்னலோர நாற்காலியில் போட்டிருந்த இளஞ்சிவப்புப் போர்வை ஒரு பக்கம் மட்டும் சாம்பலாக வெளுத்திருந்தது. மஞ்சள் துண்டு ஒன்றைச் சோப்புப் போட்டுத் துவைத்ததும் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. நீலத் துண்டைப் போட்டவரின் வெள்ளைச் சட்டைக் கழுத்தில் நீலம் ஒட்டியிருந்தது. அதோடு, ஒரே பாவில் நெய்த போர்வையில் நீளவாக்கில் பட்டை பட்டையாக நிறம் மாறியிருப்பதாகவும் சிலர் சொன்னார்கள்.

இந்தக் கடைசிப் புகார்தான் வீட்டுக்குள் சண்டையைக் கொண்டுவந்தது.

"நீ கொடுக்கிற எட்டு நூல் சிட்டமும் எட்டு நிறமா இருக்கு. நான் எப்படிப் பாவு ஓட்டறது?" என்று அக்கா.

"இயற்கைச் சாயம்னா அப்படித்தான்க்கா இருக்கும். ஒரே மாதிரி வேணும்னா மில் துணிதான்" என்று தங்கை.

தங்கை சொன்னதை இந்தத் தொழிலில் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இயற்கை நிறத்தில் ஏற்ற இறக்கம் உண்டு, அது அழகும்தான். ஆனால் நெய்கிறவர் தெரிந்து வைத்த ஏற்ற இறக்கம் வேறு, பானை சிறியதாக இருந்ததால் வந்த ஏற்ற இறக்கம் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் விற்பதை என்னால் ஏற்க முடியாது. அக்காவும் ஏற்கவில்லை. நான் போன சமயத்தில் தறி மூன்று வாரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது.

நேரில் பார்த்தவை

முதலில் சாயம் ஏறாத நூலைக் கேட்டு வாங்கினேன். துவைத்துக் காயவைத்து, சாயத்துக்குத் தயாராக மாட்டியிருந்த சிட்டம். அதன் மேல் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு உருண்டு மணியாக அப்படியே நின்றது. நன்றாக அவித்த பருத்தி நூலில் அந்தச் சொட்டு விழுந்த நொடியே உள்ளே போய்விட வேண்டும். பருத்தி இழையில் இயல்பாகவே மெழுகும் பெக்டினும் இருக்கின்றன. சலவை சோடா போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டால்தான் அவை வெளியேறும், தண்ணீர் பழுப்பாகிவிடும். இவர்கள் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசியதோடு நிறுத்தியிருந்தார்கள். அதாவது, போட்ட நிறமெல்லாம் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது படிகாரம். ஆட்டுரோமமும் பட்டும் படிகாரத்தை நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தத் திறன் குறைவு. முதலில் கடுக்காய் மாதிரி துவர்ப்புப் பொருளில் நனைத்தால், அந்தத் துவர்ப்பு இழையைப் பற்றிக்கொள்ளும். அதன் மேல் படிகாரம் பிடிக்கும். படிகாரத்தின் மேல் சாயம் பிடிக்கும். இவர்கள் ஆட்டுரோமத்துக்குச் சொல்லப்பட்ட முறையை அப்படியே பருத்திக்குச் செய்திருந்தார்கள். அளவும் கண் அளவுதான்.

மூன்றாவது தண்ணீர். மாதுளைத் தோலில் நல்ல மஞ்சள் வர வேண்டிய இடத்தில் ஒரு மங்கிய பாசி நிறம் வந்துகொண்டிருந்தது. தங்கைக்கு அது பிடித்துப்போய், ஒரு தனி நிறமாகவே எழுதிவைத்திருந்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகள் எடுத்து, ஒன்றில் கிணற்று நீரும் இன்னொன்றில் சேமித்த மழைநீரும் ஊற்றி, இரண்டிலும் ஒரு கரண்டி கடுக்காய்க் கஷாயம் விட்டோம். மழைநீர் வெளிர் மஞ்சளாக இருந்தது. கிணற்று நீர் மெல்ல மெல்ல ஊதா கலந்த சாம்பலாகிக் கறுத்தது. தண்ணீரில் இரும்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை வரும். எழுத்து மை காய்ச்சியதும் இதே முறையில்தான். மஞ்சிட்டிச் சிவப்பு எப்போதும் செங்கல் பழுப்பாக வந்ததற்கும் இதுவே பெரிய காரணம். தங்கை அந்தக் குவளையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலத் தொட்டி இன்னொரு கதை. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரத் தண்ணீரில், ஆக்சிஜன் இல்லாத நிலையில் அதை வேதி மாற்றம் செய்தால்தான் கரையும். அப்போது நீர் மஞ்சள் கலந்த பச்சையாகவும், மேலே செம்பு நிற ஏடு படர்ந்தும் இருக்கும். நூலை முக்கி எடுத்தால் பச்சையாக வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இவர்கள் தொட்டியில் நீரே நீலமாக இருந்தது. நிறம் சரியாக ஏறவில்லை என்றதும் மேலும் மேலும் நீலப் பொடியைத்தான் போட்டிருக்கிறார்கள். கரையாத பொடி நூலின் மேல் தூளாக ஒட்டியிருந்தது. சட்டைக் கழுத்துக்குப் போனது அந்தத் தூள்தான்.

பட்டைகளுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. ஒரு பாவுக்கு வேண்டிய நூலைச் சிறிய பானையில் ஆறேழு தடவையாகச் சாயமேற்றி, முதல் சிட்டம் முடிந்ததும் இரண்டாவது, அது முடிந்ததும் மூன்றாவது என்று வரிசையாகப் பாவு ஓட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சிட்டமும் துணியில் ஒரு பட்டையாக விழுந்துவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இருவரும் சேர்ந்து ஒரு மாதம் என்னென்ன வேலை எத்தனை நாள் செய்தார்கள் என்று குறிப்பேட்டிலிருந்து பொறுக்கி எழுதினோம். வாரா வாரம் சாயம். வாரா வாரம் விறகு, தண்ணீர், அலசல், காயவைத்தல். அக்கா தறியில் உட்கார்ந்தது மாதத்தில் ஒரு வாரம்கூட இல்லை. நெய்யப் போன இடத்தில் நெசவுக்குத்தான் நேரம் இல்லாமல் போயிருந்தது. இங்கிலாந்தில் டிச்லிங் கிராமத்தில் பட்டறை வைத்திருந்த நெசவாளர் எதெல் மைரே பற்றி இருவரும் ஆர்வமாகப் பேசுவார்கள். நூற்பு, சாயம், நெசவு மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடந்த இடம் அது. ஆனால் அந்தப் பட்டறையில் பயிற்சியாளர்கள் பலர் வேலை செய்தார்கள். இங்கே இருந்தவை நான்கே கைகள்.

ஜன்னல் சோதனை

எதையும் முடிவு செய்யும் முன் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். இருபது நிற நூல்களையும் தனித்தனி அட்டைகளில் சுற்றி, ஒவ்வொன்றிலும் பாதியைத் தடித்த கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் வரிசையாக வைத்தோம். பக்கத்திலேயே நீலக் கம்பளி அளவுகோல் ஒன்றை வாங்கி வைத்தோம். வெவ்வேறு உறுதியுள்ள எட்டு நீலத் துணிப் பட்டைகள் கொண்டது அது. 1 என்பது சீக்கிரம் வெளுப்பது, 8 என்பது மிகத் தாங்குவது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தாங்கும். சோதிக்கும் நிறம் எந்தப் பட்டையோடு சேர்ந்து வெளுக்கிறதோ அதுவே அதன் மதிப்பு. வெயில் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறினாலும் இந்த ஒப்பீடு கைகொடுக்கும்.

பீட்ரூட் சில நாள்கூட நிற்கவில்லை. மஞ்சள் கிழங்கு முதல் வாரத்திலேயே தந்தமாகிவிட்டது. செம்பருத்தி, சங்குப்பூ, செம்முட்டைக்கோஸ் மூன்றும் அழுக்குச் சாம்பலுக்குப் போயின. வெங்காயத் தோல் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மாதுளைத் தோல் பரவாயில்லை. மஞ்சிட்டி மிகச் சிறிதளவு வெளுத்தது. தூள் போக அலசிய அவுரி நீலத்தில், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

சோப்பிலும் சோதித்தோம். மஞ்சள் கிழங்கு காரம் பட்டால் சிவக்கும். சோப்பு காரம்தான். பூக்களின் சிவப்பையும் ஊதாவையும் தருகிற ஆந்தோசயனின் புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம் காட்டும். துவைக்கவே கூடாத துணிக்கு வேண்டுமானால் அவை ஆகும்.

தங்கைக்கு அந்த வாரங்கள் கடினமாக இருந்தன. "நான் ஒரு வருஷம் பறிச்சதெல்லாம் வீண்தானா?" என்று கேட்டார். இல்லை என்று உடனே சொல்லத் தோன்றியது. ஆனால் ஜன்னலில் அட்டைகள் இருந்தன, அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதனால் பழைய சாயக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் நிதியமைச்சர் கோல்பேர் கொண்டுவந்த விதிகள், உறுதியான சாயம் போடுபவர்களையும் வெளுக்கும் சாயம் போடுபவர்களையும் தனித்தனிக் கூட்டமாகவே பிரித்துவைத்தன. உறுதிச் சாயக்காரர் மலிவான, நிற்காத சாயப் பொருள்களைக் கையில் தொடக்கூடாது. 1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கை ஊதாவைக் கண்டுபிடிக்கும்வரை உலகத்துத் துணிகளில் ஏறக்குறைய எல்லாமே இயற்கைச் சாயம்தான். அந்தக் காலம் முழுவதும் எது நிற்கும், எது நிற்காது என்பதுதான் தொழிலின் மையக் கேள்வியாக இருந்தது. பெரு நாட்டின் உவாக்கா பிரியேத்தாவில் கிடைத்த சுமார் 6000 வருடப் பழைய பருத்தித் துணியில் இன்றும் அவுரி நீலத்தை அடையாளம் காண முடிகிறது. நிறம் தருகிற செடிகள் ஆயிரம் இருந்தும் பழைய சாயக்காரர்கள் கைப்பிடியளவு செடிகளையே நம்பியதற்குக் காரணம் இருக்கிறது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஏற்கெனவே போன துணிகள் பற்றியது. அக்கா பிடிவாதமாக இருந்தார்: வாங்கிய எல்லோருக்கும் எழுத வேண்டும், கேட்காதவர்களுக்கும் சேர்த்து. வெளுத்த துணியை அனுப்பினால் அவுரியில் மறுபடி முக்கித் தருகிறோம் என்று எழுதினார்கள். துணியும் நெசவும் நன்றாகத்தானே இருந்தன, போனது நிறம் மட்டும்தானே. பாதிப்பேர் போல அனுப்பினார்கள். பழைய நிறம் திட்டாக இருந்த இடத்தில் நீலமும் திட்டாகத்தான் விழுந்தது. அதை மறைக்காமல் சொல்லியே திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது, விற்பனைக்கு மூன்று சாயப் பொருள்கள் மட்டும்: அவுரி, மஞ்சிட்டி, மாதுளைத் தோல். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினால் பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளும் கிடைக்கும். சாம்பலும் கறுப்பும் வேண்டுமென்றால் கடுக்காயோடு கொஞ்சம் அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. இதில் இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. பச்சையில் மஞ்சள் முதலில் போய்விடும், நீலம் தங்கிவிடும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் தொங்கும் பழைய சித்திரத் திரைகளில் இலைகள் நீலமாக நிற்பதற்கு இதுதான் காரணம். ஆகவே பச்சை பெரிய பரப்பில் வேண்டாம், ஓரங்களில் போதும் என்று வைத்தார்கள். இரும்பு பருத்தியைக் காலப்போக்கில் நைந்துபோக வைக்கும். பழந்துணிகளில் கறுப்புப் பகுதி முதலில் உதிர்வதைப் பார்க்கலாம். இழுவிசை முழுவதையும் தாங்குவது பாவு. அதனால் அன்னபேதி பட்ட நூல் குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும், அதுவும் நூலின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் போகாமல்.

மூன்றாவது, முறை. சோடாவில் அவித்து, சொட்டுச் சோதனையில் தேறிய நூல்தான் மேலே போகும். நூலின் எடையில் 15 முதல் 20 சதவீதம் கடுக்காய், பிறகு 15 சதவீதம் படிகாரம். நல்ல தராசு ஒன்று வாங்கினார்கள். அந்த வருடத்தின் சிறந்த செலவு அதுதான் என்பது என் கருத்து. மஞ்சிட்டியை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடாமல் மெதுவாகச் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் வேரின் பழுப்பு கிளம்பிச் சிவப்பை மூடிவிடும். சிவப்பு மலரச் சுண்ணாம்புச் சத்தும் தேவை. கிணற்று நீரில் அது இருந்தாலும் இரும்பும் கூடவே இருந்ததால், மழைநீர் எடுத்து அதில் கொஞ்சம் சுண்ணக்கட்டித் தூள் கலந்தார்கள். அலசுவதற்கு அவ்வளவு மழைநீர் கிடைக்காது. அதற்குக் கிணற்று நீரை மேலிருந்து சிதறி விழும்படி திறந்த தொட்டியில் நிரப்பி, ஓர் இரவு விட்டு, துருவாகப் படிந்த வண்டலை விட்டுவிட்டு மேல் நீரை மணல் வழியாக வடித்தார்கள். கடுக்காய்ச் சோதனையில் அந்த நீர் ஏறக்குறைய மழைநீரைப் போலவே நின்றது.

நீலத் தொட்டியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தார்கள். இயற்கைச் சாய வல்லுநர் மிஷேல் கார்சியா பரப்பிய எளிய கணக்கு: நீலம் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சர்க்கரை 3 பங்கு. வெதுவெதுப்பாக வைத்து, கலக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே முக்கில் ஆழ்நீலம் வேண்டாம். சில நிமிடம் முக்கி, எடுத்து, காற்றில் நீலமாகவிட்டு, மறுபடி முக்கி, இப்படி ஆறேழு தடவை. கடைசியில் லேசான காடி நீரில் அலசினால் சுண்ணாம்பின் காரம் போகும். பிறகு நன்றாகக் கொதிக்கவைத்து அலசினால் மிச்சத் தூளும் போகும். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டாவிட்டால்தான் தறிக்கு.

நான்காவது, வருடத்தைப் பிரித்தது. வெயில் காலத்தில் சில வாரங்கள் சாயம் மட்டும், இருவரும் சேர்ந்து. மழைக் காலமும் மற்ற மாதங்களும் நெசவுக்கு. 80 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம் வந்தது. ஒரு கிலோ நூலுக்கு 30 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஒரே தடவையில் இரண்டு கிலோவுக்கு மேல் சீராக ஏற்ற முடிந்தது.

தறியில் நடந்த மாற்றம்

இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். மூன்று நிறம் என்றதும் அக்காவுக்கே முகம் வாடியது. துணி சலிப்பாகிவிடும் என்று பயந்தார்.

முதலில் பாவு ஓட்டும் விதம் மாறியது. ஒரு சிட்டம் முடிந்து அடுத்தது என்று போகாமல், வெவ்வேறு சிட்டங்களிலிருந்து இரண்டு இழைகளை ஒன்றாகப் பிடித்து ஓட்டினார். சிட்டங்களுக்கு இடையே இருந்த சின்ன வித்தியாசம் பட்டையாக விழாமல் துணி முழுக்கப் பரவியது. ஊடையிலும் அப்படியே, நூலைக் குறுக்கே கொண்டுபோகும் இரண்டு நாடாக்களில் இரண்டு தார்ச் சுருள்கள், மாற்றி மாற்றி. கிட்டே போய்ப் பார்த்தால் நீலத்துக்குள் இரண்டு நீலம் தெரியும். தள்ளி நின்றால் தட்டையாக இல்லாமல் ஒரே நிறமாக அசையும். தங்கை விரும்பிய அந்த ஏற்ற இறக்கம் இப்போது தறியிலிருந்தே வந்தது.

அப்புறம் நிறங்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. நீலப் பாவில் மஞ்சிட்டி ஊடை போனபோது, சாயப் பானையில் ஏற்றிய ஊதாவைவிட உயிருள்ள ஓர் ஊதா வந்தது. இழைகள் தனித்தனியாக இருக்கின்றன, கண்தான் கலக்கிக்கொள்கிறது. சாம்பல் நூல் அழுக்காகத் தெரிகிறது என்று ஒரு துண்டை அக்கா ஒதுக்கி வைத்திருந்தார். அது நீலக் கட்டங்களுக்கு நடுவே இருந்தது. அதே சாம்பலை மஞ்சிட்டிச் சிவப்புக்குப் பக்கத்தில் நெய்து பார்க்கச் சொன்னேன். நீலத்தின் அருகில் பழுப்படித்தது, சிவப்பின் அருகில் பச்சை சாய்ந்த குளிர்ந்த சாம்பலாக நின்றது. ஒரே தார்க்குச்சியிலிருந்து வந்த நூல்.

இருநூறு வருடத்துக்கு முன் ஒரு வேதியியலாளர் தலையைக் குழப்பிக்கொண்ட விஷயம் இது. பாரிஸில் கோப்லான் திரைத்தறிக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைவராக வந்தவர் மிஷெல் யூஜின் செவ்ரோல். கறுப்பு நூல் சரியாக இல்லை என்று புகார் வர, அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் வைத்த நிறங்கள்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. அந்தத் தேடல் முடிந்து 1839இல் புத்தகமாக வந்தது. ஒரு நிறம் சரியில்லை என்றால் பானைக்கு ஓடுமுன் பக்கத்து நூலைப் பார்ப்பது, அதற்குப் பிறகு இந்தத் தறிக்கூடத்தின் பழக்கமாயிற்று.

நிறம் சுருங்கியதும் அக்காவின் கவனம் மிதிகளுக்குப் போனது. நான்கு மிதித் தறியில் இதுவரை வெற்று நெசவு மட்டுமே நெய்துவந்தவர், சாய்கோட்டு நெசவில் பாவு மேலே அதிகம் தெரிவதையும் ஊடை மேலே அதிகம் தெரிவதையும் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரே நீலமும் ஒரே சிவப்பும், நாலு வேறு துணி போல வந்தன. ஒரு பாவை 15 மீட்டர் ஓட்டி, அதிலேயே ஊடையையும் மிதி வரிசையையும் மாற்றி மாற்றி வெவ்வேறு துண்டுகள் நெய்தார். தறியில் கட்டுவதற்கும் முடிவில் நெய்ய முடியாமல் மிஞ்சுவதற்கும் போகிற நூல் ஒரு பாவுக்கு ஒரு தடவைதான். பாவு நீண்டால் அந்த விரயமும், விழுதில் கோக்கும் நாட்களும் குறைந்துவிடுகின்றன.

பிறகு நடந்தது

மாற்றத்துக்குப் பின் இரண்டு சாயப் பருவங்கள் முடிந்துவிட்டன. நீலம் ஒட்டுவதாகப் புகார் வரவில்லை. சிவப்புத் துண்டு ஒன்று மட்டும் வெளுத்துத் திரும்பியது. வெளுப்புப் பொருள் கலந்த சலவைத்தூளில் ஊறப்போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு துணியோடும் ஒரு சின்னச் சீட்டு போகிறது: காரம் இல்லாத சோப்பு, நிழலில் உலர்த்தல், எந்தெந்தச் செடி, எந்தப் பருவத்துச் சாயம்.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. இளஞ்சிவப்பும் வான ஊதாவும் கேட்டு வந்தவர்கள் சிலர் வராமல் போனார்கள். தறி வருமானம் மட்டும் இருவருக்குப் போதவில்லை. தங்கை தன் பழைய தொழிலிலிருந்து கொஞ்சம் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறார். விலை வைக்கும்போது நெய்த நேரத்தை மட்டும் எண்ணி, அவித்தது, அலசியது, காத்திருந்தது எதையும் எண்ணாமல் விட்டது தெரியவந்து, அதையும் சேர்த்தபோது விலை ஏறியது. விற்பனை முதலில் குறைந்தது, பிறகு மெல்ல நிலைக்கு வந்தது. மஞ்சிட்டி நட்டிருக்கிறார்கள். வேர் சாயத்துக்குத் தேற மூன்று வருடம் போல ஆகும் என்பதால் இப்போதைக்கு வாங்கித்தான் காய்ச்சுகிறார்கள்.

தங்கை பூப் பறிப்பதை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு புதுச் செடியும் முதலில் எடையோடு குறிப்பேட்டுக்கும், பிறகு ஜன்னல் அட்டைக்கும் போகிறது. ஒரு முழுப் பருவம் ஜன்னலில் நின்ற பிறகுதான் அக்காவிடம் அந்த நூல் வரும். நிற்காதவற்றைத் தனக்கும் தோழிகளுக்கும், வருடா வருடம் புதிதாக முக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு, செய்துகொள்கிறார். அதில் அவருக்குக் குறையாத சந்தோஷம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடி தொடங்கினால்

இருவரிடமும் இதைத் தனித்தனியாகக் கேட்டேன். அக்கா சொன்னது: முதல் ஆறு மாதம் சாயமே வேண்டாம், வெள்ளை நூலில் நெய்து தறியையும் வாங்குகிறவர்களையும் தெரிந்துகொண்டிருக்கலாம். தங்கை சொன்னது: வீடு பார்க்கப் போனபோதே ஒரு புட்டியில் கடுக்காய்க் கஷாயம் எடுத்துப்போயிருக்க வேண்டும். தண்ணீருக்காக வேறு வீடு பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் வடிகட்டும் தொட்டியை முதல் மாதமே கட்டியிருப்பார்கள்.

என் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். வெளுப்புச் சோதனைக்கு ஆகும் செலவு அட்டையும் தாளும் ஒரு ஜன்னலும்தான். முதல் துணி விற்கும் முன்பே அது நடந்திருக்க வேண்டும். கழிவு நீரையும் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டும். படிகாரமும் அன்னபேதியும் கலந்த மிச்சத் தண்ணீர் முதல் வருடம் முழுக்கக் கிணற்றை ஒட்டிய மண்ணில்தான் ஊற்றப்பட்டது. இப்போது படிகாரத் தண்ணீரை மறுபடி எடைபோட்டு நிரப்பி, அடுத்த நூலுக்குப் பயன்படுத்துகிறார்கள். கடைசி மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டுப் படியவைத்து, கிணற்றிலிருந்து தள்ளித் தோண்டிய குழிக்குக் கொண்டுபோகிறார்கள். அன்னபேதி ஊடை வைத்து நெய்த துண்டுகளில் ஒன்றை விற்காமல், வருடத்துக்கு ஒரு முறை இழுத்துப் பார்ப்பதற்காக எடுத்துவைத்திருக்கிறார் அக்கா. இந்த வருடம் இழை உறுதியாகவே இருந்தது; அடுத்த வருடமும் பார்த்த பிறகுதான் சாம்பல் நூலின் அளவைக் கூட்டுவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள்.